நாடியா, மூச்சா: ஹைதராபாத் குளோரோபார்ம் ஆணையம்

1889ஆம் ஆண்டின் கடைசியில் ஹைதராபாத்திலிருந்து லண்டன் ‘லான்செட்’ மருத்துவ இதழுக்கு ஒரு தந்தி போயிற்று. நாய், குரங்கு, குதிரை, ஆடு, பூனை, முயல் என 490 விலங்குகளை வைத்துச் சோதித்தாயிற்று. குளோரோபார்மின் ஆபத்து மூச்சுத் திணறலிலும் அளவு மீறிய மருந்திலும்தான் இருக்கிறது. இதயத்துக்கு நேரடி ஆபத்து இல்லவே இல்லை என்பது அதன் சாரம். அனுப்பியவர் லாடர் பிரன்டன், மருந்தியலில் அன்று இங்கிலாந்தே மதித்த பெயர். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அந்த முடிவு கவிழ்ந்தது. கவிழ்க்க இன்னொரு பெரிய ஆணையம் தேவைப்படவில்லை. பூனைகளை வைத்துச் சோதித்த ஒரே ஒரு லண்டன் மருத்துவர் போதுமானவராக இருந்தார். பிடிவாதக்காரத் தலைவர், அரைகுறைச் சோதனை என்று இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். பிடிவாதம் இருந்தது உண்மை, சோதனை அரைகுறையானதல்ல. தவறு கேள்வியில் இருந்தது. மயக்கத்தில் சாவு நாடி வழியே வருகிறதா, மூச்சு வழியே வருகிறதா என்று இரண்டில் ஒன்றைக் கேட்டார்கள். நாடியை ஆளும் நரம்புகள் மயக்கத்தின் எந்தக் கட்டத்தில் எந்த நிலையில் இருக்கின்றன என்ற கேள்வியை யாரும் முன்னால் வைக்கவில்லை. மயக்க மருந்தின் வரலாற்றில் மருந்தைவிட அந்த நிலைதான் பெரிய செய்தி என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

சர்ச்சையின் வேர் மயக்க மருந்தின் முதல் ஆண்டுகளிலேயே இருக்கிறது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபார்மைக் கொண்டுவந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28 அன்று, நியூகாசிலுக்கு அருகே வின்லேட்டனில், கால்விரல் நகம் எடுப்பதற்காகக் குளோரோபார்ம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் சில நிமிடங்களில் இறந்துபோனாள். இன்னொரு நகத்துக்காக முன்பு ஈதர் வாங்கிக்கொண்டு நலமாகத் திரும்பியவள் அவள். இந்த முறை பயந்து அழுதபடியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தெளிவிப்பதற்காக வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும்தான் மூச்சை அடைத்தன என்று சிம்சன் வாதாடினார். லண்டனில் ஜான் ஸ்னோ ஒப்பவில்லை. விக்டோரியா அரசிக்குப் பிரசவத்தில் குளோரோபார்ம் கொடுத்தவர் அவர். காலராவுக்கும் குடிநீருக்கும் உள்ள தொடர்பைக் கண்டவரும் அவரே. 1858இல், அவர் இறந்தபின் வெளிவந்த நூலில், 50 குளோரோபார்ம் சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்திருந்தார். பெரும்பாலானவற்றில் முதலில் நின்றது இதயம் என்பது அவர் முடிவு. செறிவு மிகுந்த ஆவி சட்டென்று இதயத்தைத் தாக்குகிறது என்று காரணமும் சொன்னார். அவர் திரட்டிய சாவுகளில் இன்னொரு ஒற்றுமை தெரிகிறது. பல, பல் பிடுங்குவது, நகம் எடுப்பது போன்ற சின்ன வேலைகளுக்காக வந்தவர்களுடையவை. மயக்கம் முற்றாத தொடக்க நிமிடங்களிலேயே நேர்ந்தவை.

இதிலிருந்து இரண்டு மரபுகள் பிரிந்தன. லண்டனில் மயக்கம் கொடுப்பவரின் விரல் நோயாளியின் நாடியை விட்டு அகலக் கூடாது என்றார்கள். ஜோசப் க்ளோவர் அதை ஒரு ஒழுங்காகவே கடைப்பிடித்தார். எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் வழிவந்தவர்கள் மூச்சை மட்டும் பார்த்தால் போதும், நாடியைத் தொடவே வேண்டாம் என்றார்கள். இரண்டாவது மரபில் பயின்ற எட்வர்ட் லாரி இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, 1880களில் ஹைதராபாத் ரெசிடென்சி சர்ஜனாகவும் அங்குள்ள மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் ஆனார். இந்தியாவில் குளோரோபார்ம் வேரூன்றியதற்கு எடின்பரோ மரபு மட்டும் காரணமல்ல. ஈதரின் கொதிநிலை சுமார் 35 டிகிரி. தக்காணத்துக் கோடையில் புட்டியைத் திறந்தால் பாதி காற்றோடு போய்விடும். விளக்கருகே தீப்பற்றவும் செய்யும். குளோரோபார்மின் கொதிநிலை 61 டிகிரி. தீப்பற்றும் பயம் இல்லை. ஒரு துணியும் சின்னப் புட்டியும் இருந்தால் போதும். ஆகவே இந்த மருந்து ஆபத்தானது என்ற லண்டன் குரல் ஹைதராபாத்தில் தொழிலையே அசைக்கும் குரலாகக் கேட்டது. 1888இல் லாரி முதல் ஆணையத்தை அமைத்தார். நாய்களில் மூச்சு நின்ற பிறகே இதயம் நிற்கிறது என்று அது அறிவித்தது. லான்செட் ஐயப்பட்டது. நிஜாம் மஹ்பூப் அலி கானின் அரசு, உங்கள் ஆளையே அனுப்பிப் பாருங்கள் என்று 1,000 பவுண்டு கொடுத்தது. லான்செட் பிரன்டனை அனுப்பியது. மன்னராட்சி நடந்த ஓர் இந்திய அரசு உலக மருத்துவச் சர்ச்சை ஒன்றுக்குப் பணம் கொடுத்து நடுவரை வரவழைத்தது அன்று சாதாரணச் செயலல்ல.

இரண்டாம் ஆணையம் செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல முடியாது. விலங்கின் தமனியில் குழாய் செருகிப் பாதரச அழுத்தமானியோடு இணைத்தார்கள். ஏறி இறங்கும் இரத்த அழுத்தம் சுழலும் உருளைக் காகிதத்தில் கோடாக விழுந்தது. 120 விலங்குகளின் கோடுகள் இப்படிக் கிடைத்தன. எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்தார்கள். ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சி மாணவியும் இந்தச் சோதனைகளில் பங்கேற்றார். மயக்க மருத்துவத்தையே தொழிலாகக் கொண்ட உலகின் முதல் பெண்களில் ஒருவர் என்று பின்னாளில் அறியப்பட்டவர் அவர். குளோரோபார்ம் ஏற ஏற அழுத்தக் கோடு சீராகச் சரிந்தது, மூச்சு நின்றது, அதற்குப் பின் சில நிமிடங்கள் கழித்தே இதயம் ஓய்ந்தது. இடையில் சில வேளை கோடு வேறு மாதிரி நடந்துகொண்டது. விலங்கு திமிறினால், மூச்சைப் பிடித்தால், நாடி திடீரென்று மந்தமாகி அழுத்தம் செங்குத்தாக விழுந்தது. பின் தானே எழுந்தது. இது வேகஸ் நரம்பின் வேலை என்று ஆணையத்தினர் சரியாகவே கண்டுகொண்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விளக்கம்தான் விசித்திரமானது. இதயம் மெதுவாகத் துடித்தால் மூளைக்குப் போகும் மருந்தும் குறையும். எனவே இந்த மந்தம் ஆபத்து ஆகாது, உடலே செய்துகொள்ளும் பாதுகாப்பு என்றார்கள்.

இங்கே நாடியின் நரம்பாட்சியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இதயத்தின் மேலறையில் உள்ள துடிப்பு முடிச்சு, எந்த நரம்பும் இல்லாமல் விட்டால், நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிப்பைக் கிளப்பும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களின் நாடி ஓய்விலும் வேகமாக இருப்பது இதனால்தான். ஓய்வில் நம் நாடி எழுபதில் நிற்கிறது என்றால் வேகஸ் நரம்பு எந்நேரமும் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று பொருள். பயம், வலி, இரத்த இழப்பு வந்தால் பரிவு நரம்புகள் விரட்டுகின்றன. அட்ரீனல் சுரப்பியும் அட்ரினலினைக் கொட்டுகிறது. வண்டிக்காரன் ஒரு கையில் மூக்கணாங்கயிறும் மறு கையில் தார்க்குச்சியும் வைத்திருப்பது போல, இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள், அழுத்தம் விழுந்தால் விரட்டவும் ஏறினால் இழுக்கவும் மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்புகின்றன. வேகஸைத் தூண்டினால் இதயம் நிற்கும் என்பதை வேபர் சகோதரர்கள் 1845லேயே காட்டியிருந்தார்கள். விரட்டும் நரம்புகளை 1860களில் கண்டறிந்திருந்தார்கள். இந்த முழு அமைப்புக்கும் தன்னியக்க நரம்பு மண்டலம் என்று லாங்லி பெயரிட்டது 1898இல். அதாவது ஆணையம் கூடியபோது உறுப்புகள் தெரிந்திருந்தன. அவற்றை ஒரே ஆட்சியாகப் பார்க்கும் பழக்கம் வரவில்லை. ஹைதராபாத்தில் இழுக்கும் கயிற்றைப் பார்த்தார்கள். விரட்டும் கோலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. குளோரோபார்ம் இதயத்தையே நலிவிக்கிறது என்று கிளாஸ்கோ குழு ஒன்று 1880லேயே சொல்லியிருந்தது. கேம்பிரிட்ஜில் கேஸ்கெல்லும் ஷோரும் 1893இல், மூளைக்குப் போகும் இரத்தத்தையும் உடலுக்குப் போகும் இரத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்து, அழுத்தம் விழுவதற்கு இதயம் நலிவதே முதற்காரணம் என்றார்கள். மெல்பர்னில் எம்ப்ளி 1902இல், வலுவான ஆவியைத் தொடக்கத்திலேயே இழுத்தால் வேகஸ் வழியே இதயம் நின்றுபோகக்கூடும், அது எப்போதும் மீண்டுவராது என்று காட்டினார். மயக்கத்துக்கு முன்னால் அட்ரோபின் ஊசி போட்டு வேகஸைத் தளர்த்தும் வழக்கத்துக்கு இப்படிப்பட்ட ஆய்வுகள் வலுச் சேர்த்தன. ஆனால் இவர்கள் யாரும் ஹன்னா கிரீனரின் சாவை விளக்கவில்லை. இதயம் நலிந்து ஓய்வதற்கு நேரம் வேண்டும்; அளவும் வேண்டும். நகம் எடுக்க வந்து இரண்டு மூச்சு இழுத்தவளிடம் இரண்டும் இல்லை. இந்தப் புதிருக்கு வேண்டிய இன்னொரு துண்டு, ஆணையம் கூடிய அதே 1889இல் அபர்டீனில் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. மனிதரின் திடீர்ச் சாவில் இதயம் அமைதியாக நிற்பதில்லை. கீழறைத் தசை நார்கள் ஒவ்வொன்றும் தன்போக்கில் நடுங்க, இரத்தம் வெளியேறுவது நின்றுபோகிறது என்று மாக்வில்லியம் எழுதினார். அதையும் குளோரோபார்மையும் இணைக்க அன்று ஆளில்லை.

இணைத்தவர் ஆல்ஃபிரட் குட்மன் லீவி. 1911இல் அவர் பூனைகளுக்குக் குறைந்த அளவில், மேலோட்டமான மயக்கம் வரும் வரை மட்டும் குளோரோபார்ம் கொடுத்து, சிரையில் சிறிது அட்ரினலின் செலுத்தினார். சில நொடிகளில் துடிப்பு தாறுமாறாகி, கீழறை நடுக்கத்தில் போய் முடிந்தது. அழுத்தக் கோடு அடிமட்டத்துக்கு விழுந்தது. மூச்சோ அதற்குப் பிறகும் சிறிது நேரம் ஓடியது. ஹைதராபாத் ஒருபோதும் நடக்காது என்று சொன்ன வரிசை இதுதான்: முதலில் நாடி, பிறகு மூச்சு. அதே அட்ரினலினை ஆழ்ந்த மயக்கத்தில் கொடுத்தபோது அந்த ஆபத்து பெரிதும் குறைந்தது. மருந்தை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தாலும், விரட்டும் நரம்பைத் தூண்டினாலும் அதே நடுக்கம் வந்தது. தாமஸ் லூயிஸோடு சேர்ந்து அன்றைக்குப் புதிய கருவியான மின் இதய வரைவியிலும் அதைப் பதிந்தார். இதிலிருந்து கிடைத்த பாடம் அதுவரை இருந்த எல்லா மரபுகளையும் தலைகீழாக்கியது. குறைந்த மருந்து பாதுகாப்பானது என்பது பொதுப்புத்தி. குளோரோபார்மில் அது பொய்த்தது. அரை மயக்கத்தில் பயமும் வலியும் விழித்தே இருக்கின்றன. அவை அட்ரினலினைக் கொட்டுகின்றன. குளோரோபார்மோ இதயத் தசையை அந்த அட்ரினலினுக்கு எளிதில் வெகுண்டெழும்படி ஆக்கிவைத்திருக்கிறது. தனித்தனியே கொல்லாத இரண்டும் சேர்ந்து கொல்கின்றன.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஹைதராபாத்தில் அரை மயக்கத்தையும் சோதித்தார்களே? உண்மைதான். அதிர்ச்சியால் சாவு வரும் என்று அஞ்சப்பட்ட பல் பிடுங்குதல், நகம் பிடுங்குதல் போன்றவற்றை விலங்கு முழுமையாக மயங்காத நிலையிலும் செய்து பார்த்தார்கள், எதுவும் சாகவில்லை. ஆனால் இங்கே எண்ணிக்கை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பார்க்க வேண்டும். அக்காலக் கணக்குகள் குளோரோபார்ம் சாவைச் சுமார் 3,000 பேருக்கு ஒன்று என்று வைத்தன. அத்தனை அரிதாக வரும் ஒன்று சில நூறு விலங்குகளில் தலைகாட்டாமல் போவதில் வியப்பில்லை. 490 என்ற எண்ணின் பெரும்பகுதி வேறொரு கேள்விக்குச் செலவானது: மருந்தை அளவு மீறிக் கொடுத்தால் எது முதலில் நிற்கும்? அதற்கு மூச்சு என்பது சரியான விடை. மூளைத்தண்டின் மூச்சு மையம் முதலில் அடங்குகிறது. அளவு மீறிய சாவைப் பற்றித் திரட்டிய சான்றை அளவு குறைந்த சாவுக்கும் தீர்ப்பாக எழுதியதில்தான் ஆணையம் சறுக்கியது. 1889இல் அட்ரினலின் தெரியாதே என்று பரிவோடு சொல்லலாம். அட்ரீனல் சாறு அழுத்தத்தை ஏற்றுவது 1894இல்தான் தெரிந்தது. ஆனால் ஸ்னோவின் 50 சாவுகள் முப்பது ஆண்டுகளாகக் கண்ணெதிரே இருந்தன. பயந்தவர்கள், சின்ன அறுவைக்கு வந்தவர்கள், முதல் சில நிமிடங்கள் என்ற அடையாளங்களைப் படிக்க எந்த ஹார்மோனும் தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு லாரியின் அனுபவத்திலிருந்து வருகிறது. பல்லாயிரம் நோயாளிகளுக்குக் கொடுத்தும் தம் மருத்துவமனையில் குளோரோபார்மால் சாவில்லை என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். இதைப் பொய்யென்று தள்ள வேண்டியதில்லை. அவருடைய முறையைப் பாருங்கள்: கூம்பாகச் சுருட்டிய துணியில் மருந்தைத் தடையில்லாமல் கொடு; நோயாளியைத் திமிறவிடாமல் சீராக மூச்சிழுக்க வை; முழு மயக்கம் வரும் முன் கத்தியைத் தொடாதே; மூச்சிலிருந்து கண்ணை எடுக்காதே. லீவியின் கண்டுபிடிப்பை வைத்துப் பார்த்தால், ஆபத்தான அரை மயக்கக் கட்டத்தை வேகமாகக் கடந்துபோகச் சொல்லும் முறை இது. நாடிக்குப் பயந்து சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, நடுவில் துணியை எடுத்துவிட்டு, மறுபடி வைத்த லண்டன்காரர் நோயாளியை அந்தக் கட்டத்திலேயே நிறுத்திவைத்தார். ஆக லாரியின் கை சரியாகச் செய்ததை அவருடைய கோட்பாடு தவறாக விளக்கியது. மூச்சைக் கவனி என்ற அவர் விதியும் பழுதில்லாதது. மூச்சுப்பாதையைக் காப்பது இன்றும் மயக்கவியலின் முதல் கடமை. நாடியைக் கவனிக்காதே என்பதுதான் அந்த விதியோடு ஒட்டிக்கொண்டு வந்த வினை.

அந்த மருந்தே ஒழிந்துபோன பின் இந்தப் பழைய வழக்கு எதற்கு என்று கேட்கலாம். மருந்து மாறியதே தவிர நரம்பாட்சி மாறவில்லை. 1956இல் மான்செஸ்டரில் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய ஹாலோதேன், தீப்பற்றாத, இதமான மருந்து. ஆனால் நாடியை மந்தமாக்கும், அழுத்த உணரிகளின் மறுவினையை மழுக்கும், இதயத்தை அட்ரினலினுக்கு வெகுளச் செய்யும். இரத்தக்கசிவைக் குறைக்க அறுவை மருத்துவர் அட்ரினலின் கலந்த ஊசி போடும்போது, எவ்வளவு போடலாம் என்று மயக்க மருத்துவர் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் வந்த ஐசோஃபுளூரேனில் அழுத்த உணரிகளின் மறுவினை ஓரளவு பிழைத்திருப்பதால் அழுத்தம் விழும்போது நாடி ஏறுகிறது. புரோபோபாலில் விரட்டும் நரம்புகள் அடங்கிவிடுகின்றன. அழுத்தம் விழுந்தும் நாடி அசையாமல் இருக்கும். டெஸ்ஃபுளூரேனைச் சட்டென்று கூட்டினால் பரிவு நரம்புகள் பொங்கி நாடியும் அழுத்தமும் எகிறும். கெட்டமைன் நாடியை ஏற்றும், ஃபென்டனில் இறக்கும். மாறுகண் அறுவையில் மருத்துவர் கண் தசையைக் கொக்கியால் இழுக்கும்போது குழந்தையின் நாடி மானிட்டரில் பாதியாகச் சரியும். “கொஞ்சம் விடுங்க சார்” என்று மயக்க மருத்துவர் குரல் கொடுப்பார். தசையை விட்டதும் நாடி மேலேறும். கண்ணிலிருந்து முக்கிளை நரம்பு (டிரைஜெமினல்) வழியே மூளைத்தண்டுக்குப் போய், வேகஸ் வழியே இதயத்துக்குத் திரும்பும் இந்த மறுவினையை 1908இல் விவரித்தார்கள். மயக்கம் நினைவை அணைத்த பிறகும் இந்தச் சுற்று அணையாமல் வேலை செய்கிறது.

இந்த வரலாற்றை மையம், விளிம்பு என்று பிரித்து, காலனிய நாட்டு ஆய்வை லண்டன் ஒதுக்கிய கதையாகப் படிப்பவர்களும் உண்டு. அந்தக் காலத்து மேட்டிமை மறுக்க முடியாதது; ஆனால் சான்று வேறு பக்கம் சாய்கிறது. லண்டன் இதழ் தன் ஆளை அனுப்பியது. அவர் ஹைதராபாத்தின் பக்கமே பேசினார். அந்த முடிவு பல ஆண்டுகள் மதிப்போடு விவாதிக்கப்பட்டது. அதை வீழ்த்தியது கூர்மையான இன்னொரு கேள்வி. நாடியும் மூச்சும் தனித்தனி வாசல்கள் என்ற நினைப்பை விட்டு, எந்த மருந்து, எந்த ஆழம், எந்த நரம்பு முன்னோங்கி நிற்கும் நேரம் என்று சேர்த்துக் கேட்டபோதுதான் விடை கிடைத்தது. இன்றும் மயக்க மருத்துவருக்கு மானிட்டரில் 55 என்று காட்டும் நாடி தனியாக எதையும் சொல்வதில்லை. வயிற்றறையில் வாயு நிரப்பியதால் வேகஸ் இழுக்கிறதா, வலிநிவாரணி இறக்கியதா, ஆக்சிஜன் குறைந்ததா, மயக்கம் ஆழமாகிவிட்டதா என்று பிரித்தறிந்த பிறகே அவர் கை அட்ரோபினுக்குப் போகும், அல்லது அறுவையை நிறுத்தச் சொல்லும், அல்லது மருந்தைக் குறைக்கும். அந்தப் பிரித்தறிதல் ஒரு தொழிலாக வளர்ந்ததில் லீவியின் பூனைகளுக்குப் பங்கு இருக்கிறது. மூச்சிலிருந்து கண்ணை எடுக்காதே என்று சொல்லிவிட்டு, நாடிக்கான காரணத்தைத் தேடாமல் விட்ட ஹைதராபாத்துக்கும் அதில் பங்கு உண்டு.